ஜெயித்தவன் பெயர் ஊருக்கே தெரியும்... தோற்றுக் கொடுத்தவன் பெயர்?

பெரிய காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், பல்லவர் கட்டிய கோயில் ஒன்றுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. அந்தப் பல்லவ ராஜாக்களில் ஒருவருக்குப் பட்டப் பெயரே 'பெரிய பயில்வான்' என்றால் சிரிப்பு வரும். ஆனால் நிஜம் அதுதான். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனின் பட்டம் 'மகாமல்லன்'. மல்லன் என்றால் மற்போர் செய்கிறவன். மகாமல்லன் நம் வாயில் மாமல்லன் ஆகி, கடற்கரையில் மாமல்லபுரம் ஆகி, கல்கியின் 'சிவகாமியின் சபதம்' வழியாக வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தான். 642ல் சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்தவன் இவன்தான்.

இவ்வளவு எழுதி வைத்த சரித்திரம் ஒன்றை மட்டும் எழுதி வைக்கவில்லை. மாமல்லனுக்கு முதல் பிடி சொல்லிக் கொடுத்த வாத்தியார் யார்? இளவரசனோடு மண்ணில் புரண்டு, அவன் கை தேறும் வரைக்கும் கீழே விழுந்து கொடுத்த ஆள் ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? அவருக்குப் பட்டமும் இல்லை, பட்டணமும் இல்லை.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். புறநானூற்றில் 80 முதல் 85 வரை உள்ள பாடல்கள் போரவைக்கோப் பெருநற்கிள்ளி என்ற சோழனைப் பற்றியவை. சாத்தந்தையார், நக்கண்ணையார் என்று இரண்டு புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அவன் ஒரு மல்லனோடு மோதி ஜெயித்த சம்பவம் அதில் வருகிறது. ஜெயித்தவன் பெயர் இருக்கிறது. அவனுடைய அப்பா தித்தன் பெயர் இருக்கிறது. பாடிய புலவர்கள் பெயர் இருக்கிறது. தோற்றவர்? வெறும் 'ஆமூர் மல்லன்'. அதாவது ஆமூர்க்காரப் பயில்வான். அவ்வளவுதான்!

ஜெயித்தவன் பெயர் நிற்கும், மற்றவர் பெயர் மறையும். இது மல்யுத்தத்தின் பழைய வழக்கம் போலிருக்கிறது. சமீப காலத்திலும் அதே வழக்கம்தான் என்பதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரை எடுத்துக் கொள்வோம். தாராசிங்.

"பெரிய தாராசிங்னு நினைப்பா?"

கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தால் போதும், தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் இந்தக் கேள்வி வந்து விழும். தாராசிங்கின் ஒரு சண்டையைக்கூடப் பார்க்காதவர்கள்கூட இதைச் சொல்வார்கள். ஒரு மனிதனின் பெயர் பழமொழி போல ஆகிவிடுவது சின்ன விஷயம் இல்லை.

தாராசிங் 1928ல் அமிர்தசரஸ் பக்கத்தில் தர்முசக் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1954ல் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று 'ருஸ்தம்-ஏ-ஹிந்த்' பட்டம். 1959ல் கல்கத்தாவில் கனடாக்காரர் ஜார்ஜ் கார்டியங்கோவை வென்று காமன்வெல்த் சாம்பியன். 1968ல் பம்பாயில் உலக சாம்பியன். நடுவில் மும்தாஜோடு சேர்ந்து வரிசையாக இந்திப் படங்கள். அறுபதை நெருங்கும் வயதில் தூர்தர்ஷன் 'ராமாயணம்' தொடரில் அனுமார். 2003 முதல் 2009 வரை ராஜ்யசபா உறுப்பினர். 2012 ஜூலை 12 அன்று காலமானார்.

இது வரவுப் பக்கம். காமர்ஸ் படிக்கிற யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்: இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு. ஒரு கணக்கில் நூறு ரூபாய் வரவு எழுதினால் இன்னொரு கணக்கில் நூறு ரூபாய் பற்று எழுதியே ஆக வேண்டும். தாராசிங் கணக்கில் ஏறிய இத்தனை வெற்றியும் யார் யார் கணக்கில் இறங்கியது? மூன்று பெரியவர்களைச் சொல்லலாம்.

முதல் பெரியவர்: ஹர்னாம் சிங்

1947ல் தாராசிங் சிங்கப்பூர் போனார். மல்யுத்தத்துக்காக அல்ல, பிழைப்புக்காக. டிரம் செய்கிற ஒரு ஆலையில் வேலை. ஆறடியைத் தாண்டிய உயரம், அதற்கேற்ற உடம்பு. அந்த உடம்பைப் பார்த்தவர்கள் 'நீ மல்யுத்தத்துக்கு வா' என்றார்கள். அங்கே அவரைச் சிஷ்யனாக ஏற்றுக் கொண்டவர் ஹர்னாம் சிங் என்ற பயில்வான். பயிற்சி நடந்தது 'கிரேட் வேர்ல்ட்' அரங்கில்.

கிரேட் வேர்ல்ட் என்பது ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அந்தக் கால சிங்கப்பூரில் நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட் என்று மூன்று 'உலகங்கள்' இருந்தன. சினிமா, டான்ஸ், சாப்பாட்டுக் கடை எல்லாம் உள்ளேயே. நம் ஊர் பொருட்காட்சி வருஷம் முழுக்க நடந்தால் எப்படி இருக்கும், அப்படி! மல்யுத்தமும் அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு டிக்கெட் ஐட்டம்.

ஊர் மண்ணில் பழகிய ஒருவனுக்கு இது புது உலகம். ஊரில் தண்டால், பஸ்கி, கர்லாக் கட்டை. மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய கோதாவில் குஸ்தி. எதிராளியை மல்லாக்கப் போட்டால் ஆட்டம் முடிந்தது. இங்கேயோ மண் இல்லை, பலகை மேல் விரித்த கேன்வாஸ். சுற்றிலும் கயிறு. அதற்கு வெளியே காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் ஜனம். எதிராளியை ஜெயித்தால் மட்டும் போதாது, அந்த ஜனத்தையும் ஜெயிக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் முதல் பாடம் பிடி போடுவது அல்ல, விழுவது! தாடையை நெஞ்சோடு ஒட்டிக் கொள்ள வேண்டும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். கைகளை விரித்துத் தரையில் அறைய வேண்டும். அப்போது அடி ஓரிடத்தில் இறங்காமல் உடம்பு பூராவும் பரவிவிடும். இதைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. ஏற்கனவே ஆயிரம் முறை விழுந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தர வேண்டும். அதனால்தான் மல்யுத்தத்தில் குருவுக்கு அவ்வளவு மரியாதை. அவர் கொடுப்பது வித்தை மட்டும் இல்லை. சிஷ்யனின் கழுத்தெலும்புக்கு இன்ஷூரன்சும் அவர்தான்.

பயிற்சிக்குப் பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று தாராசிங் மலேயா சாம்பியன் ஆனார். டிரம் ஆலைத் தொழிலாளி காணாமல் போய், தாராசிங் பிறந்தார். ஹர்னாம் சிங்கின் பெயர் தாராசிங்கின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக நின்றுவிட்டது. அந்த ஒரு வரியாவது கிடைத்ததே! மாமல்லனின் வாத்தியாருக்கு அதுவும் இல்லை.

இரண்டாம் பெரியவர்: கிங்காங்

தாராசிங் என்றால் கூடவே வருகிற இன்னொரு பெயர் கிங்காங். அந்தத் தலைமுறையில் இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பேசுகிறவர்களே இல்லை. கிங்காங் என்பது மேடைப் பெயர். நிஜப் பெயர் எமில் சாயா. 1909ல் பிறந்த ஹங்கேரிக்காரர். 1930களிலேயே கிழக்கு நாடுகளுக்கு வந்து, இந்தியா, மலேயா, ஆஸ்திரேலியா என்று சுற்றி, சிங்கப்பூரைச் சொந்த ஊராக்கிக் கொண்டவர். எடை சுமார் 200 கிலோ. தாடி, உறுமல், அலட்சியம் எல்லாம் சேர்ந்த கச்சிதமான வில்லன். அவர் எத்தனை முட்டை, எத்தனை கோழி சாப்பிடுவார் என்று பத்திரிகைகள் கதை கதையாக எழுதின.

தாராசிங்கைவிட அவர் 19 வயது மூத்தவர். தாராசிங் சிங்கப்பூரில் கால் வைத்தபோது கிங்காங் அங்கே ஏற்கனவே பெரிய நட்சத்திரம். அப்படிப்பட்டவர் அதன் பிறகு ஊர் ஊராகப் போய் இந்தப் பையனிடம் தோற்றார். 200 கிலோ உடம்பைத் தலைக்கு மேலே தூக்கி, சுற்றி, கீழே போடுகிற காட்சியைப் பார்க்கத்தான் ஜனம் முண்டியடித்தது.

இங்கே ஒரு சின்ன பௌதிகம். இருநூறு கிலோ மூட்டையைத் தூக்குவது ஒன்று, இருநூறு கிலோ மனிதனைத் தூக்குவது வேறு. மூட்டை சும்மா இருக்கும். மனிதன் மனது வைக்காவிட்டால் தூக்கவே முடியாது! உடம்பைத் தளர்த்திக் கனமாக்கிவிட்டால் எந்தப் பயில்வானாலும் முடியாது. சரியான நொடியில் காலை ஊன்றிக் கொஞ்சம் எம்பிக் கொடுத்து, மேலே போனதும் உடம்பை விறைப்பாக வைத்துக் கொண்டால்தான் அந்தக் காட்சி அரங்கேறும். ஜனம் தூக்கியவனைப் பார்த்துக் கை தட்டும். எம்பிக் கொடுத்தவருக்கு 'ஊ...' என்று கூச்சல்தான் மிச்சம்.

1962ல் 'கிங்காங்' என்றே ஒரு இந்திப் படம் வந்தது. அதன் கதாநாயகன் யார் தெரியுமா? தாராசிங்! 1970ல் கார் விபத்தில் பட்ட காயங்களால் எமில் சாயா சிங்கப்பூரில் இறந்தார். எமில் சாயா என்று சொன்னால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆமூர் மல்லன் மாதிரியே, இவருடைய சொந்தப் பெயரும் போய்விட்டது.

எல்லாம் செட்டப்தானே?

டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடிய தலைமுறைக்கு இந்தக் கேள்வி புதிது இல்லை. அண்டர்டேக்கர் கார்டுக்காக உயிரையே கொடுத்த வயதில் ஒரு அண்ணன் வந்து "டேய், அதெல்லாம் பொய்டா" என்று சொல்லி மனதை உடைத்திருப்பார். :)

அண்ணன் சொன்னது சரிதான். தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்படுகிறது என்பதை 1989ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில சட்டசபையிடம் அந்தக் கம்பெனியே ஒப்புக் கொண்டது. விளையாட்டுப் போட்டிக்கான கட்டுப்பாடுகளும் வரியும் தங்களுக்கு வேண்டாம், இது பொழுதுபோக்கு என்பது அவர்கள் வாதம். (வரி என்று வந்தால் எந்த ரகசியமும் வெளியே வந்துவிடும்!) தாராசிங் காலத்துப் போட்டிகளில் எது நிஜம், எது பேசி வைத்தது என்ற பட்டிமன்றம் இன்றும் ஓயவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால், இது அந்தப் பெரியவர்களின் மதிப்பைக் குறைக்கவில்லை. கூட்டத்தான் செய்கிறது. நிஜச் சண்டையில் தோற்பவன் பலம் போதாமல் தோற்கிறான். இங்கே தோற்பவர் ஒரு முடிவெடுத்துத் தோற்கிறார். இருபது வருஷம் விழுந்து எழுந்து சேர்த்த நற்பெயரை ஒரே ராத்திரியில் ஒரு இளைஞனின் கணக்குக்கு மாற்றி எழுதுகிறார். கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' கண்ணுக்குப் புலனாகாத சொத்து. விற்கலாம், வாங்கலாம். ஆனால் தனக்கு ஒன்றும் இல்லாமல் கொடுப்பவரைப் பார்ப்பது கடினம்.

எல்லா மூத்தவர்களும் இதற்குச் சம்மதித்தவர்கள் இல்லை. வயதான பிறகும் பட்டத்தை விடாமல் பிடித்துக் கொண்டு, இளையவர்களை மேலே வர விடாதவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். கொடுத்தவர்கள் குறைவு. அப்படிக் கொடுத்தவர்களில் பெரியவர் ஒருவர் 1968ல் பம்பாய்க்கு வந்தார்.

மூன்றாம் பெரியவர்: லூ தெஸ்

லூ தெஸ் 1916ல் அமெரிக்காவில் பிறந்தவர். அப்பா ஹங்கேரியிலிருந்து குடியேறியவர், செயின்ட் லூயிஸ் நகரில் செருப்பு தைக்கும் கடை வைத்திருந்தார். (கிங்காங்கும் ஹங்கேரி, தெஸ்ஸின் அப்பாவும் ஹங்கேரி. என்ன பொருத்தமோ!) மகனுக்கு மல்யுத்தத்தின் முதல் பாடம் சொல்லித் தந்தவர் அந்த அப்பாதான். பிறகு ஜார்ஜ் டிராகோஸ், ஆட் சான்டெல் என்ற மூத்த பயில்வான்கள் எலும்பை முறிக்கக்கூடிய நிஜப் பிடிகளைக் கற்றுக் கொடுத்தார்கள். 1920களின் பெரிய சாம்பியன் எட் 'ஸ்ட்ராங்ளர்' லூயிஸ் பிற்காலத்தில் தெஸ்ஸின் மேனேஜராக ஊர் ஊராகக் கூடவே வந்தார். ஒரு காலத்தில் உலகமே பயந்த மனிதர், வயதான பிறகு ஒரு இளையவனின் பெருமையை ஊருக்குச் சொல்லிக் கொண்டு வந்தார்.

தெஸ் 1937 டிசம்பரில் உலகப் பட்டத்தை முதல் முறை வென்றபோது வயது 21. 1963ல் மறுபடி உலக சாம்பியன் ஆனபோது வயது 46. அப்படிப்பட்ட மனிதர் 1968 மே 29 அன்று பம்பாயில் தாராசிங்கிடம் தோற்றார். அப்போது தெஸ்ஸுக்கு 52, தாராசிங்குக்கு 39. அமெரிக்காவின் முக்கியப் பட்டத்தை அதற்கு இரண்டு வருஷம் முன்பே தெஸ் இழந்திருந்தார். அதனால் கையில் இருந்தது பட்டயம் என்பதைவிடப் பெயர்தான். அந்தப் பெயரைத்தான் பம்பாயில் விட்டுவிட்டுப் போனார். தாராசிங் நிஜமான மல்யுத்த வீரர், அற்புதமான உடல் தகுதி உள்ளவர், அவரிடம் தோற்பதில் தனக்கு எந்தச் சங்கடமும் இல்லை என்ற பொருளில் தெஸ் பிற்காலத்தில் பேசியிருக்கிறார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதைவிட நல்ல முடிவு 22 வருஷம் கழித்து வந்தது.

ஜப்பானில் மசாஹிரோ சோனோ என்று ஒரு இளைஞர். 1963ல் பிறந்தவர். அவருக்குத் தெஸ் ஒரு பிடியைக் கற்றுக் கொடுத்தார். கவிழ்ந்து கிடக்கும் எதிராளியின் ஒரு காலை மடக்கித் தன் கால்களுக்குள் பூட்டி, அப்படியே அவன் முதுகின் மேல் படுத்து, முகத்தைக் கைகளால் சுற்றிப் பின்னுக்கு இழுக்கிற பிடி. பெயர் எஸ்.டி.எஃப். ஜான் சீனா போட்டுப் போட்டு உலகமெல்லாம் பிரபலமாக்கினாரே, அதேதான்!

1990 டிசம்பர் 26. ஜப்பானின் ஹமமட்சு நகரம். மேடையில் ஒரு பக்கம் 27 வயது சோனோ. மறுபக்கம் 74 வயது லூ தெஸ். நம் வீட்டுத் தாத்தாக்கள் ஈஸிசேரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற வயது! சிஷ்யன் குருவுக்கே எஸ்.டி.எஃப். பிடியைப் போட்டார். குரு தோற்றார். தெஸ்ஸின் கடைசிப் போட்டி அதுதான்.

தான் கொடுத்த பிடியிலேயே தான் கட்டுண்டு கிடந்த அந்தச் சில நொடிகளில் அவருக்கு வலித்திருக்கும். 74 வயது முதுகுக்கு எது செட்டப், எது நிஜம் என்று தெரியாது. ஆனால் சொல்லிக் கொடுத்தது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வாத்தியாருக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? 2002ல் தனது 86 வயது நிறைந்த சில நாட்களில் லூ தெஸ் காலமானார்.

அடுத்த கை

வாங்கியவர்கள் கொடுத்தார்களா? தாராசிங் தம்பி ரந்தாவாவையும் மல்யுத்தத்துக்குக் கொண்டு வந்தார். 1983ல் டெல்லியில் நடந்த போட்டியோடு மேடையை விட்டு இறங்கினார். அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக்கு இந்தியாவில் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

2006 மே மாதம். இமாச்சலப் பிரதேசத்துக்காரர், பஞ்சாப் போலீஸில் இருந்தவர், ஏழடி உயரக் கிரேட் காளி. அமெரிக்க மேடைக்கு வந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அவருக்கு எதிரே அண்டர்டேக்கர். 'ஜட்ஜ்மென்ட் டே' நிகழ்ச்சியில் காளியிடம் அண்டர்டேக்கர் சுத்தமாகத் தோற்றார். ட்ரம்ப் கார்டு தலைமுறை வாயடைத்துப் போனது. மறுநாளே உலகத்துக்குக் காளியின் பெயர் தெரிந்துவிட்டது. அடுத்த வருஷம் காளி உலக ஹெவிவெயிட் சாம்பியன். 2015ல் அதே காளி ஜலந்தரில் ஒரு மல்யுத்தப் பள்ளி ஆரம்பித்தார். அங்கே பயிற்சி எடுத்த கவிதா தேவி, டபிள்யூ.டபிள்யூ.இ. மேடை ஏறிய முதல் இந்தியப் பெண். அண்டர்டேக்கர் ஒரு ராத்திரி முதுகைத் தரையில் வைத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மீண்டும் காஞ்சிக்கு

காஞ்சிபுரத்துக்கு மல்யுத்தம் மாமல்லனோடு போயிற்று. ஆனால் இந்தக் குரு-சிஷ்யக் கணக்கு மட்டும் இன்னும் இங்கே தறியில் ஓடுகிறது.

கோர்வைப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். பாரம்பரிய முறையில் ஒரு ஆளால் இதை நெய்ய முடியாது. நெசவாளி குழித்தறியில் உட்கார, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுத் தருவார். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய சிறுவர்கள் உட்கார வைக்கப்பட்டார்கள். அது தனியாக எழுத வேண்டிய வேதனை. பல வீடுகளில் அது மனைவியின் இடம். உடலும் கரையும் சேருகிற அந்தக் கோட்டில்தான் கோர்வையின் உயிரே இருக்கிறது. அங்கே இரண்டு பேர் கை இருக்கிறது. சேலை கல்யாண மேடைக்குப் போகும்போது கடைப் பெயர் தெரியும், விலை தெரியும். அந்த இரண்டாவது கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

சரித்திரம் ஒற்றைப் பதிவு முறையில் எழுதப்படுகிறது. வரவு மட்டும்தான் அதில் ஏறும். பற்றுப் பக்கத்தை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும்.

அதற்குச் சிங்கப்பூருக்கோ ஹமமட்சுவுக்கோ போக வேண்டியதில்லை. சின்ன வயதில் கேரம் போர்டில் உங்களிடம் முதன்முதலில் தோற்றவர் யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அப்பாவா, தாத்தாவா, பக்கத்து வீட்டு அண்ணனா? சிவப்புக் காயைக் குழி வரைக்கும் கொண்டு வந்துவிட்டு, கடைசி அடியில் மட்டும் அவருக்கு எப்படியோ குறி தவறிப் போயிருக்கும். நீங்கள் துள்ளிக் குதித்திருப்பீர்கள். அவர் உதட்டைப் பிதுக்கி, "அடேயப்பா, ஜெயிச்சுட்டியே!" என்று சொல்லியிருப்பார்.